பாதி மாத்திரை

டம்ளர் கழுவும்போது அவள் முதலில் விளிம்பைத்தான் தேய்ப்பாள். போதை மீட்பு மையத்தில் அவளுக்கு அதுதான் தலையாய வேலை. கூட்டுவதும் துடைப்பதும் அதற்கப்புறம். போதை ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறியவர்கள் தினமும் காலையில் அங்கே வருவார்கள். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவாள். கரையும்வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் டம்ளர் கழுவுகிற அவள் கையிலிருந்து தண்ணீர் கிடைக்கும். அதனால் எல்லாருக்கும் அவள் ‘டம்ளர் அக்கா’. பெஞ்சே வாயடைத்து உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அவர்களை வைது தீர்ப்பாள்.

“இப்பப் பேசுங்கடா பாக்கலாம்!”

மூடிய வாயோடு சிரிப்பார்கள். அவளுடைய சொந்தத் தம்பியும் அந்த பெஞ்சில் ஒருவன். வெல்டிங் பட்டறைக்கு மறுபடியும் போகத் தொடங்கியிருந்தான். கை நடுங்காமல் பற்றவைக்கிறான் என்று பட்டறைக்காரரே சொன்னார்.

இப்போது அவள் கழுவுவது வீட்டிலிருக்கும் ஒரே ஒரு டம்ளரை.

ஊரெங்கும் காய்ச்சல் தொற்று வந்தது, மையத்தைப் பூட்டினார்கள். கடைசி நாள் நர்ஸ் கதவிடுக்கு வழியாக ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள்.

“ரெண்டு வாரத்துக்கு வரும். உங்க கையாலயே குடுங்கக்கா. அவன்கிட்ட அட்டையைக் குடுத்துடாதீங்க.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள திறந்துடுவாங்க.”

முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. வாய் சொன்னதை அந்தக் கண் நம்பவில்லை.

பால் போதாவிட்டால் தண்ணீர் விடுகிறவள் அவள். தேய்ந்த சோப்பைப் புதுக் கட்டியோடு ஒட்டுகிறவள். எதையும் முழுதாகச் செலவழிக்க அவளுக்குக் கை வராது. அந்தக் கையோடுதான் மாத்திரையையும் பிளேடால் இரண்டாக்கினாள். ஒரு பாதியை டப்பாவில் போட்டுவிட்டு மற்றதை மையத்தில் செய்வதுபோலவே பொடித்துக் கொடுத்தாள். பொடியில் பாதியேது, முழுதேது? கதவு திறக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும். அவனிடம் சொல்லவில்லை.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. சில நாளிலேயே அவனுக்கு மூக்கு ஒழுகியது, கொட்டாவி ஓயவில்லை, எலும்பெல்லாம் குடைந்தது. போர்வைக்குள் சுருண்டுகொண்டான்.

“எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துடுச்சுபோல. கிட்ட வராதேக்கா.”

“சும்மா கிட. கொட்டாவி விடறவனுக்கெல்லாம் காய்ச்சலா?”

இது எந்த நோய் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் மையத்துக்கு வராமல் போனவர்கள் மறுநாள் இப்படித்தான் வந்து நிற்பார்கள். ஆனாலும் டப்பாவிலிருந்த பாதிகளைத் தொடக் கை கூசியது. இன்றைக்கு முழுசாகக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் போர்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தான். கொட்டாவி இல்லை, வலி இல்லை. கண்மணிகள் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தன; பழைய ஊசிக்குத் திரும்பியவர்களின் அந்தக் கண்ணை அவள் மையத்தில் பார்த்திருக்கிறாள். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் அடுப்படிக்குப் போய் நர்ஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

“பாதியா? யாருக்கா உங்களைப் பாதி குடுக்கச் சொன்னது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“நீ போனை எடுத்தாத்தானேம்மா கேக்கறதுக்கு?”

மறுமுனையில் யாரோ விடாமல் இருமினார்கள்.

“என்னைக் காய்ச்சல் வார்டு டியூட்டில போட்டுட்டாங்கக்கா. போனைத் தொடவே முடியல. இப்ப மாத்திரை குடுத்துடாதீங்க. ஊசி மருந்து உடம்புல இருக்கறப்ப மாத்திரையைக் குடுத்தா துடிச்சுப்போயிடுவான். டாக்டர் பார்த்துத்தான் திரும்ப ஆரம்பிக்கணும்.”

“எங்க போய்ப் பார்க்கறது? மையம் எப்பத் திறக்கும்?”

“அங்க காய்ச்சல்காரங்களுக்குக் கட்டில் போட்டாச்சுக்கா. பெஞ்சையெல்லாம் தூக்கி வெளியில போட்டுட்டாங்க.”

டப்பாவை மூடி வைத்தாள். டம்ளரை விளிம்பு தேய்த்துக் கழுவி, தண்ணீர் மொண்டு அவனிடம் எடுத்துப்போனாள். அதை வாங்குவதற்கு முன் அவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். பழக்கம். அடியில் ஒன்றுமில்லை. பிறகுதான் தண்ணீரைக் குடித்தான்.

“அக்கா.”

“ம்.”

“பொடியோட கசப்பு குறைஞ்சுபோச்சு. நான்கூட என் நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீ பாதிதானே குடுத்தே?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை வைதிருப்பாள்.

“சொல்லேன்க்கா.”

அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் அறையை விட்டுப் போனாள்.