ஓடிய ஜீப்பைக் கழற்றியவர்

பட்டாளத்தில் கழித்த பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து, ஆத்தூரில் என் வீட்டு வாசலில் போட்டிருந்தேன். அதைச் சரிசெய்ய ஞாயிறுதோறும் திண்டுக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். ஒல்லியான மனிதர். திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கண்மூடிக் கேட்பார்.

பிரசவத்துக்குப் போன மனைவியையும் குழந்தையையும் அதில்தான் அழைத்துவர நினைத்திருந்தேன். மூன்று மாதம் இழுத்தடித்து, கிளம்புவதற்கு முந்தின நாள்தான் எஞ்சின் அணையாமல் ஓடியது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர், சக்கரங்களைக் கழற்றத் தொடங்கினார்.

“அதான் ஓடுதேய்யா!” என்று கத்தினேன்.

“ஓடுது அப்பு. பிரேக்கு பிடிக்கலையே. பச்சப்புள்ளைய வச்சு எப்புடிக் கூட்டியாருவீக?”

அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மறுநாள் பஸ்ஸில்தான் இருவரையும் அழைத்துவந்தேன். திங்கட்கிழமையாக இருந்தும் அவர் ஜீப்புக்கு அடியில் கிடந்தார். எழுந்து வந்து, கிரீஸ் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு குழந்தையைக் குனிந்து பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்.