செயற்கை நுண்ணறிவுக் கூட்டத்தில் எனக்கொரு கதிரை

ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்தால் எனக்கு இப்போதெல்லாம் உட்காரக் கதிரையைத் துடைத்துத்தான் போடுகிறார்கள். கட்டுகஸ்தோட்டையில் இதே பள்ளிக்கூடத்தில் நான் படித்த காலத்தில் என்னை வாங்கிலிருந்து எழுப்பி நிற்க வைத்தார்களே தவிர, எனக்காக யாரும் தூசி தட்டியதில்லை. இப்போது அங்கே ஒரு கூட்டத்துக்கு நான் பிரதம அதிதி. ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளி அதிபர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த பள்ளித் தவணையிலிருந்து பிள்ளைகளின் கட்டுரைகளை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி திருத்தப் போகிறது. அதற்கு முன் மாணவர் குரலையும் கேட்கத்தான் இந்தக் கூட்டம். பேச வேண்டியவள் என் அக்கா மகள் நிவேதா, தரம் பத்து. வகுப்பே கூடி எழுதிய ஒரு தாள் அவள் கையில் இருந்தது. ஒன்றரைக்கு வத்தேகம பஸ் வந்துவிடும், பாதிப் பிள்ளைகள் அதில் போக வேண்டும். அதற்குள் மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், மாலை, மூன்று பெரியவர்களின் உரை. மாணவர் குரல் நன்றியுரைக்குச் சற்று முன்.

ஒஸ்லோவில் என் மகனின் வகுப்பிலும் இதே பேச்சு நடந்தது. பெற்றோர் நாளன்று அவன் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இது எங்களுக்கு வேண்டாம்" என்றான். ஆசிரியர் குறித்துக்கொண்டார். நான் எழுந்து அவன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று புரியாமல், மகனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார் ஆசிரியர்.

அதிபர் தொடங்கினார்: "இன்றைய இளையோரே நாளைய உலகின் சிற்பிகள். அவர்களின் குரலுக்குச் செவிசாய்ப்போம்." அடுத்து வந்த கல்வி அதிகாரி தாளை விரித்தார்: "இன்றைய இளையோரே நாளைய உலகின் சிற்பிகள்." பின்வரிசை வாங்கில் களுக்கென்று சிரிப்பு. இரண்டாவது வரியைப் பிள்ளைகளே கோரஸாகச் சொல்லி முடித்தார்கள். அதிகாரி அதைப் பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டார். எனக்கு வியர்த்தது. அன்று காலை நானும் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய உரை கைப்பைக்குள் இருந்தது. அதன் முதல் வரியைச் சொல்லத் தேவையில்லை.

என் முறை வந்தபோது மணி ஒன்று இருபது. மேடையோரம் காத்து நின்ற நிவேதா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சித்தி, நீங்களுமா?"

"ஆமாடி," என்றேன், ஒலிவாங்கியிலேயே. "நீ வா. ஒங்க தாள வாசி."

அவள் அதிபரைப் பார்த்துத் தாளை வாசித்தாள். "மெஷின் திருத்தட்டும் சேர். ஆனா மார்க் ஏன் கொறஞ்சிச்சின்னு டீச்சர்தான் எங்ககிட்ட சொல்லணும்." பிறகு தாளை மடித்தாள். "இது தாள்ல இல்ல சேர். சொல்லாட்டி, நாங்களும் மெஷின்கிட்டயே எழுதி வாங்கிருவோம், ஒங்கள மாதிரி."

அதிபர் முகம் கறுத்தது. பிறகு அவரே சிரித்துவிட்டு, அவள் சொன்னதைத் தன் உரையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேடைக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. மாலையோடு பிள்ளைகளின் வாங்கில் போய் ஒண்டினேன். நெருக்கி உட்கார்ந்தும் அவர்களால் எனக்குப் பாதி இடம்தான் தர முடிந்தது. என் மறுபாதி அந்தரத்தில் நிற்க, மேடையில் துடைத்து வைத்த என் கதிரை சும்மா கிடந்தது.