சோப்புத் தூளின் எடை

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே சோப்பக்கா. எந்தக் கறைக்கு எந்தத் தூள், எவ்வளவு சூடான தண்ணீர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவன் போன பிறகு ஒண்டியாகவே மகனை வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம். முதலாளியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

மகனுக்குச் சேர்க்கை சரியில்லை என்பது மட்டும் அவள் கண்ணில் படவில்லை. பெற்றவள் கண் அப்படித்தான். ஒருநாள் வீட்டில் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் சின்னப் பொட்டலம், உள்ளே வெள்ளைத் தூள். அதே நேரம் வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொட்டலத்தைப் பிரித்துச் சோப்புத் தூள் வாளியில் கொட்டிக் கிளறிவிட்டாள். வெள்ளையோடு வெள்ளை, எவன் கண்டுபிடிப்பான் என்று நினைத்தாள். போலீஸ் நாய் கண்டுபிடித்தது.

"எல்லாம் என்னோடது. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று மகன் முந்திக்கொண்டான். வாளியில் இருந்ததை மொத்தமாக நிறுத்தார்கள்.

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பொட்டலம் மட்டும்னா சில மாசத்துல வந்துருப்பான்மா. கலவைன்னா மொத்த எடையும் கணக்கு. இந்த எடைக்குப் பத்து வருஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு சட்டம். ஜட்ஜே நினைச்சாலும் முடியாது."

"சோப்புக்குமா?"

"சோப்புக்கும்தான்."

எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ, அவன் வீட்டில் யாரும் துணி துவைப்பதில்லை போலிருக்கிறது.

தீர்ப்பு நாளில், வக்கீல் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, சோப்பக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, கலந்தது நான்தான். சோப்பு எடைக்கு எத்தனை வருஷமோ அதை எனக்குக் குடுங்க. பொட்டலத்துக்கு உள்ளதை மட்டும் அவன் அனுபவிக்கட்டும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை.

"அம்மா, நீங்க உள்ள போனாலும் அவனுக்கு ஒரு நாள்கூடக் குறையாது. பிரிச்சுக் குடுக்கச் சட்டத்துல இடமில்ல. எனக்கும் வேற வழியில்ல."

பத்து வருஷம் என்று படித்தார். இரண்டு காவலர்கள் மகனைப் பிடித்துக்கொண்டார்கள். கதவருகே அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"உக்காரும்மா" என்றான். "கால் வலிக்கும்."