வெறும் தண்ணீரில் குளோரைடு

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வன்று எனக்கு ஒரே பயம்தான். உப்பைத் தப்பாகச் சொன்னால் ஃபெயில். ஃபெயிலானால் பனியன் கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே, பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள். அம்மா இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். அதனால்தான் அது நிஜமாகவே நடக்கும் என்று தோன்றியது.

கொடுத்த வெள்ளை உப்பைக் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டேன். தயிர் போல வெள்ளை வீழ்படிவு. குளோரைடு! அந்தச் சந்தோஷத்தை அடுத்த சோதனை கெடுத்தது. நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையமும் பளிச்சென்று நின்றது. எங்களுக்குத் தரும் உப்பில் ஓர் அமில உறுப்புதான் இருக்கும். இரண்டில் ஒன்று பொய். எது?

முன் வரிசைக்காரிகள் குளோரைடு என்று எழுதி நீட்டிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேர்வை கண்ணில் இறங்கியது. குழாயைத் திறந்து முகம் கழுவினேன். உதட்டில் பட்ட தண்ணீர் கரித்தது. எங்கள் ஊர் போர் தண்ணீர் கரிப்பது புதிதா என்ன? அதில் பருப்புகூட வேகாது. அப்போதுதான் உறைத்தது. காலையில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்ததும், லேப் அட்டெண்டர் அண்ணன் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு இந்தக் குழாய்க்குத்தானே வந்தார்?

உப்பே போடாமல், கேனிலிருந்த வெறும் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டேன். அதே தயிர்.

அதற்குள் வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த மேடம் கத்தத் தொடங்கிவிட்டார். உடுமலைப் பக்கத்துக்காரர். "ஆளுக்கொரு உப்பு குடுத்தா எல்லாரும் குளோரைடுன்னு எழுதியிருக்கீங்க! யாரப் பாத்து எழுதுனீங்க?"

நான் சோதனைக் குழாயை நீட்டினேன். "இது வெறுந் தண்ணிங்க மேடம். உப்பே போடலீங்க."

அவரே ஒருமுறை செய்து பார்த்தார். கோபம் போய் முகம் என்னவோ போலாகிவிட்டது. புதுக் கேன் வந்தது. எல்லோரும் மறுபடி செய்தோம். என்னுடையது நைட்ரேட்தான்.

தாளை வாங்கும்போது மேடம் மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, போர் தண்ணில இவ்வளவு உப்பு எங்கிருந்து வருது?"

"தெரியலீங்க மேடம்" என்றேன்.

தெரியும். துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள். அந்தக் கழிவுநீர் ஓடையில் ஓடிப் பூமிக்குள் இறங்கும். எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறையில் அந்த உப்பைக் கொட்டுவது என் அப்பா. அவர் அதைக் கொட்டிச் சம்பாதித்ததால்தான் நான் செக்கிங் டேபிளுக்குப் போகாமல் அந்த லேப் மேசை முன்னால் நின்றிருந்தேன்.