தூதர் மாளிகையில் போட்ட கையெழுத்து

புதுச் சுண்ணாம்பும் வார்னிஷும் கலந்த வாசனை எங்கே வந்தாலும், அப்பா என் வலக்கையை இறுக்கிப் பிடித்தது நினைவுக்கு வரும்.

சுனாமிக்கு அடுத்த மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லாத நாட்கள். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்து உப்பளக் குடும்பங்களைத் தொண்டு அமைப்பு ஒன்று பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய், வெள்ளைக்காரத் தூதர் ஒருவர் வாழ்ந்த, பின்பு பாழடைந்து, அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்த மாளிகையைக் காட்டியது.

"சும்மா ஒருத்தன் பஸ்சு வுட்டு, சோறும் போட்டு, அடுத்தவன் வூட்டக் காட்டுவானா?" என்று கிளம்பும்போதே அப்பா முனகினார். கடலோரத்து ஓலை வீடுகளைக் காலி செய்யப்போகிறார்கள் என்று அந்த வருஷம் முழுக்கப் பேச்சு. யார் யாரோ வந்து "ரேகை" கேட்டார்கள். உப்பு வாரித் தேய்ந்த அப்பாவின் கட்டைவிரலை எத்தனை முறை அழுத்தினாலும் வெறும் மைக்கறைதான் விழும். அந்தக் கறைதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றுவதாக அவர் நம்பினார்.

மாளிகையின் மாடியில் நின்றால் துறைமுகம் முழுதும் தெரிந்தது. "இங்க குந்திக்கினு எந்தக் கப்பல்ல இன்னா வருதுன்னு பாத்துக்கினே இருந்திருக்கான்," என்றார் அப்பா. அம்மா பளபளத்த தரைக்குப் பயந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசல் மேசையில் ஒரு தடித்த நோட்டு. "தம்பி, பேரு, ஊரு எழுதிக் கையெழுத்துப் போடுப்பா," என்றார் அங்கிருந்த அம்மையார். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான், சுழித்துப் போட்டேன். அப்போதுதான் அப்பா கையைப் பிடித்தார்.

"டேய், இன்னாத்துல போட்ட?"

"வந்து பாத்தவங்க பேரு எழுதற நோட்டுப்பா."

"என் ரேகை விழலன்னு உன்ன இட்டாந்து வாங்கிட்டானுங்கடா. அடி அத."

"ஐயா, இது சும்மாங்க," என்றார் அந்த அம்மையார்.

"சும்மான்னா, அடிச்சா இன்னாங்க?"

"மானம் போவுதுய்யா," என்றாள் அம்மா. எல்லோரும் பார்க்க, என் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன்.

அந்தக் கூச்சம்தான் என்னைக் கெடுத்தது. சில மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கே ஐந்து பக்கத் தாள் ஒன்று வந்தது. "முழுசாப் படிடா," என்றார் அப்பா. முதல் பக்கத்தில் "வீடு கட்டித் தரப்படும்" என்றிருந்தது. "புது வீடு தர்றாங்கப்பா, எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி?" என்றேன். அவர் விரலை அழுத்தினார், கறை விழுந்தது. அதன் கீழே, "படித்துக்காட்டியவர்" என்ற இடத்தில், என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். பழைய இடத்தில் இனி உரிமை கோருவதில்லை என்பது நான்காம் பக்கத்தில் இருந்தது.

இன்று அந்த ஓலை வீடுகள் இல்லை. அங்கே ஒரு விடுதியின் மதில் ஓடுகிறது. கடல் சத்தம் கேட்காத காலனியில் இருக்கிறோம். அப்பா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் எந்தத் தாள் வந்தாலும், கல்லூரி முடித்த நான் படித்துச் சொன்ன பிறகு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், வேறு யாரிடமாவது இன்னொரு தரம் படிக்கக் கொடுக்கிறார்.