இருபத்திரண்டு கதவுகளுக்கு ஒரு வயிறு

ரூமா உந்திங் என்னும் நீளவீட்டுக்கு இருபத்திரண்டு கதவுகளும் ஒரே ஒரு வயிறும் இருந்தன. ஒரே நீண்ட கூரையின்கீழ் கதவுக்கு ஒரு குடும்பம். வயிறு மங்கோயுடையது. ஆனால் அவருடையது என்று சொன்னால் அந்த ஆற்றங்கரையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூரைத் தகரம், படகுத்துறை, ஜெனரேட்டர் ஆகியவற்றைப் போல அதுவும் பொதுச்சொத்து.

அதற்குக் காரணம் உண்டு. கவாய் என்கிற அறுவடைப் பண்டிகைக்கு வேறு நீளவீட்டிலிருந்து விருந்தாளிகள் வந்தால், அவர்களில் பெரிய தீனிக்காரர் ஒவ்வொரு கதவு முன்பும் உட்கார்ந்து தின்றும் துவாக் என்கிற அரிசிக் கள்ளைக் குடித்தும் வருவார். வீட்டார் தரப்பில் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவருக்கு ஈடுகொடுக்க வேண்டும். விருந்தாளி முதலில் போதும் என்று கையெடுத்தால் வீட்டுக்கு மரியாதை. வீட்டார் முதலில் கையெடுத்தால் அடுத்த அறுவடைவரை படகில் போகிறவன் வருகிறவனெல்லாம் சிரிப்பான்.

மங்கோய் இருபது வருஷமாகக் கையெடுத்ததில்லை. பொதுக்கூடத்தின் நடுவில், தலைவர் உந்திங்குக்கு வலப்பக்கம், அவருக்கென்று ஒரு பிரம்புப் பாய் இருந்தது. அவர் படிப்பில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவருடைய மிளகுக் கொடிகள் அக்கம்பக்கத்தாரின் கொடிகளைவிட ஒருபோதும் அதிகமாகக் காய்த்ததில்லை. அவர் வளர்த்த சேவல்கள் சண்டைக்களத்தைவிடக் குழம்பிலேயே சிறந்து விளங்கின. ஆக, வாழ்க்கையில் அவர் ஏறி உட்கார்ந்த ஒரே உயரம் அந்தத் தரைப்பாய்தான்.

இப்படிப்பட்ட வயிற்றுக்குள் சர்க்கரை நோய் குடியேறியது. முழங்கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்து எடைக் கருவியில் அவர் ஏறியதும் முள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோல் நின்றுவிட்டது. கூச்சிங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வயிற்றில் ஒரு சிறிய வாழைப்பழ அளவை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எடுத்தார்கள்.

அவர் திரும்பி வந்த அன்று படகுத்துறையில் விசாரணை நடந்தது.

“எவ்வளவு வெட்டினாங்க?” என்று கேட்டார் தலைவர் உந்திங்.

“நாலுல மூணு பங்கு, தலைவரே.”

“எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“இல்ல.”

“ரோடு போட வந்தவன்கூட ஒரு ரம்புத்தான் மரத்தை வெட்ட என்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் வெட்டினான்.”

பக்கத்துக் கதவுக்காரி இண்டாய் ரிமோங்குக்கு வேறு கவலை. “வெட்டினதைக் கையில குடுத்தாங்களா?”

“குடுக்கல.”

“அதையும் அவங்களே வச்சுக்கிட்டாங்களா! பாத்தியா லுன்சா, உம் புருஷன் ரசீதுகூட வாங்காம வந்திருக்காரு.”

மங்கோயின் மனைவி லுன்சா மருந்துப் பையை இறக்குவதில் மும்முரமாக இருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அடுத்த கவாய்க்கு ரூமா கலோம்காரங்க வராங்க. சங்கின் வருவான். போன தடவை பன்னெண்டாம் கதவுல உன்கிட்ட தோத்தவன், அதுலேர்ந்து பயிற்சி எடுத்துக்கிட்டு வரானாம். நீ உக்காருவியா, இல்ல பாயை ஜெலியனுக்குக் குடுத்துடட்டுமா?”

மூன்றாம் கதவு ஜெலியன் இளைஞன். அண்மையில் பலாவைப் போன்ற செம்படாக் பழம் ஒன்றை முழுதாகத் தனியாகத் தின்றதற்குச் சாட்சிகள் உண்டு. அவன் அடக்கமாகத் தரையைப் பார்த்தான்.

“உக்காருவேன்,” என்றார் மங்கோய்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் மிஸ் லாவ் அவருக்கு நிறைய சொல்லி அனுப்பியிருந்தாள். சின்ன வயிறு, அதில் முதல் இடம் புரதத்துக்கு. முட்டை, மீன், கோழி, டோஃபு. அதற்குப் பிறகு இடமிருந்தால் காய், அதற்கும் பிறகு சோறு. நன்றாக மென்று விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு எதுவும் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி ஆக வேண்டும். துவாக்கை மறந்துவிட வேண்டும். சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. அவற்றில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் பகையாளிக் குடும்பங்கள் மாதிரி. ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது.

மங்கோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் நாக்கை ஆஸ்பத்திரியில் யாரும் வெட்டவில்லை. அது சோற்றுக் கஞ்சியைத்தான் கேட்டது. நாலு கரண்டிக் கஞ்சியில் வயிறு நிரம்பிவிடும்; முட்டை அப்படியே மீந்து நிற்கும். மாத்திரையோ சுவரைக் கடித்த மாதிரி இருந்தது.

இங்கேதான் அவருக்கு முன்னோர் கைகொடுத்தார்கள். அந்த ஜனங்களிடையே யாராவது உணவை நீட்டினால் வேண்டாமென்று எழுந்து போகக் கூடாது. போனால் வழியில் பாம்பு கடிக்கும், படகு கவிழும். சாப்பிட முடியாதவர் விரல் நுனியால் உணவைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டால் போதும், ஆபத்து விலகிவிடும். தொட்டதும் தின்றதும் ஒன்றே. இது பன்றிக் கறிக்குச் செல்லும், பலகாரத்துக்குச் செல்லும், துவாக்குக்கும் செல்லும். அப்படியானால் மாத்திரைக்கு மட்டும் ஏன் செல்லாது?

காலையில் லுன்சா முட்டையை வைப்பாள். அவர் தொடுவார், உதட்டில் வைப்பார், முட்டையை நாய்க்குப் போடுவார். சுண்ணாம்பு மாத்திரையைத் தொடுவார். இரண்டு மணி நேரம் கட்டாயமாக இடைவெளி விட்டு இரும்பு மாத்திரையைத் தொடுவார். அந்த விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு.

சில மாதங்களில் நாயின் ரோமம் பளபளவென்று ஆகிவிட்டது. மங்கோயின் தலையில் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. நகம் காகிதம் மாதிரி மடங்கியது. ஒருநாள் ஆற்றில் குளித்துவிட்டுப் படியேறும்போது கால் துவண்டு, முழு நீளவீட்டின் கண்ணெதிரே, கைலி ஒரு படியிலும் அவர் ஒரு படியிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

மிஸ் லாவ் மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்துக்கு வருவாள். ரத்தச் சோதனை முடிவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், முட்டை சாப்பிடறீங்களா?”

“தினமும்.”

“மாத்திரை?”

“ஒரு நாள் விட்டதில்ல.”

“அப்ப ரத்தத்துல ஒண்ணையும் காணோமே. புரதம் இல்ல, இரும்பு இல்ல, பி-பன்னெண்டு இல்ல. எல்லாம் எங்க போச்சு?”

“நாய்கிட்ட கேளுங்க,” என்றாள் லுன்சா. “இவரு சாப்பிடறதில்லம்மா. தொடறாரு.”

“தொடறாரா?”

லுன்சா மேஜைமேல் இருந்த மாத்திரை ஒன்றைத் தொட்டு உதட்டில் வைத்துக் காட்டினாள். மிஸ் லாவ் படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

“அங்கிள், தொட்டா பாம்பு கடிக்காம இருக்கலாம். முடி கொட்டாம இருக்காது. கவாய்க்கு முன்னாடி இன்னொரு ரத்தம் எடுப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, கூச்சிங் வார்டுல படுக்க வச்சு மூக்கு வழியா குழாய் போட்டு ஊட்டுவாங்க. பண்டிகை அங்கதான்.”

மூக்கில் குழாய் என்பது மங்கோயை அசைக்கவில்லை. அந்த நேரத்தில் தன் பாயில் ஜெலியன் உட்கார்ந்திருப்பான் என்பது அசைத்தது. ஆனாலும், தொட்டால் போதும் என்று முன்னோர் சொன்னதை மிஸ் லாவ் எப்படி மாற்றலாம்? அவள் இந்த ஆற்றுக்காரிகூட இல்லை. வீடு வரும்வரை படகில் இதையே முனகிக்கொண்டு வந்தார்.

லுன்சா புருஷனோடு வாதாடி மூச்சை வீணாக்குகிறவள் அல்ல. நேராகத் தலைவரிடம் போய் முறையிட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் பொதுக்கூடத்தில் எல்லாக் கதவுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

“கேள்வி இதுதான்,” என்றார் உந்திங். “மாத்திரையைத் தொட்டா தின்ன மாதிரியா?”

“பன்னிக்கறிக்குச் சரின்னா மாத்திரைக்கும் சரிதானே?” என்றாள் இண்டாய் ரிமோங். “நாளைக்கு என் கறியைத் தொட்டவனையெல்லாம் தின்னலன்னு சொல்லிடுவீங்க.”

“நல்லா கேட்டா!” என்றார் மங்கோய்.

“நீ சும்மா இரு,” என்றாள் லுன்சா. “முடியில்லாத தலைக்கு இந்தக் கூட்டத்துல ஓட்டு கிடையாது.”

தலைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

“தொடறது எதுக்கு? வெளிய போறவனுக்கு வழியில ஆபத்து வரக் கூடாதுன்னு. இவனுக்கு ஆபத்து வழியில இல்ல, உடம்புக்குள்ள இருக்கு. அதனால பொருள் உள்ள போயாகணும். முன்னோர் சொன்னதுக்கு அர்த்தம் அதுதான்.”

முன்னோர் மறுக்கவில்லை. சட்டம் நிறைவேறியது. மங்கோய்க்கு யார் எது கொடுத்தாலும் முட்டையோ மீனோ கோழியோ முதலில், சோறு கடைசியில், நடுவில் குடிக்க எதுவும் கிடையாது, கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து அவர் மென்று முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். மீறினால் அபராதம் ஒரு கோழி. கோழியும் புரதம் என்பதால் அபராதமும் வைத்தியத்துக்குள் அடங்கிவிட்டது.

அதன்பின் மங்கோய்க்குத் தனிமை என்பதே இல்லாமல் போயிற்று. கொல்லைக்குப் போனாலும் எந்தக் கதவிலிருந்தாவது ஒரு குரல் வரும்: “மாமா, இரும்பு ஆச்சா?” நாய் இளைத்தது. அவர் தலையில் நெல் நாற்று மாதிரி முடி முளைத்தது. கவாய்க்கு முன் எடுத்த ரத்தத்தைப் பார்த்து மிஸ் லாவ் சிரித்தாள். வார்டு தப்பியது.

பாய் இன்னும் தப்பவில்லை. சங்கின் வருகிறார்.

“இவரு ஒரு வாய் மீன் தின்னுட்டு உக்காந்திருந்தா சங்கின் நம்மளக் கேவலமா பேசுவான்,” என்றான் ஜெலியன். “ஒருத்தனுக்கு மட்டும் தனிச் சட்டமான்னு கேப்பான்.”

“தனிச் சட்டம்னு யாரு சொன்னது?” என்றார் உந்திங். “வீட்டுக்குச் சட்டம்னா எல்லாருக்கும்தான்.”

“விருந்தாளிக்குமா?”

“முதல்ல விருந்தாளிக்கு. அளவு மட்டும் அவனவன் வயித்துக்குத் தக்கபடி.”

கவாய் அன்று மதியம் சங்கின் வந்து இறங்கினார். முந்தின நாளே பட்டினி கிடந்து வயிற்றைத் தயார்செய்திருந்தார். மங்கோயின் மெலிந்த உருவத்தைப் பார்த்து இரங்கி, “என்ன மச்சான், பாதியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன்.”

முதல் கதவில் சங்கினுக்கு மூன்று அவித்த முட்டையும் மூங்கிலில் வெந்த கோழித் தொடையும் வந்தன. மங்கோய்க்கு முட்டையில் ஒரு கீற்று. சங்கின் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டுத் துவாக்குக்குக் கை நீட்டினார்.

“சாப்பாட்டோட குடிக்கறது இல்ல மச்சான்,” என்றார் உந்திங். “அரை மணி போகணும். இந்த வீட்டு வழக்கம்.”

“எப்பலேர்ந்து?”

“ரொம்ப நாளா.”

சங்கின் வழக்கத்தை மதிக்கிறவர். ஒரு வீட்டில் அந்த வீட்டு வழக்கத்தை மீறுவதைவிடத் தோற்பது மேல் என்று நினைக்கும் பரம்பரை. காத்திருந்தார். ஆனால் அரை மணி ஆவதற்குள் அடுத்த கதவின் முட்டை வந்துவிடும். காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துவாக் கண்ணெதிரே ஜாடியில் இருந்தது. கைக்கு வரவே இல்லை. தொண்டையை நனைக்க வழியில்லாமல் மஞ்சள் கரு மேலண்ணத்தில் ஒட்டியது. மெல்லாமலே விழுங்கிப் பழகியவரை இண்டாய் ரிமோங் எதிரே உட்கார்ந்து, “நல்லா மெல்லுங்க, நல்லா மெல்லுங்க,” என்று உபசரித்தாள்.

ஏழாம் கதவில் சங்கினின் பேச்சு நின்றது. ஒன்பதாம் கதவில் அவர் மங்கோயைப் பார்த்த பார்வையில் இரக்கம் போய்ப் பொறாமை வந்திருந்தது. பதினொன்றாம் கதவில் இரண்டு முட்டையும் ஒரு பொரித்த மீனும் வந்தபோது அவர் தட்டைத் தொடவில்லை.

“மச்சான், ஒரு பிடி சோறு குடு. இல்ல, ஒரு மொடக்குத் துவாக் குடு. முட்டை மட்டும் காட்டாத.”

“சோறு கடைசியில மச்சான்,” என்றார் மங்கோய். அதில் கிண்டல் இல்லை. பல மாதம் அனுபவித்தவரின் பரிவு இருந்தது.

சங்கின் கையெடுத்தார். வீடு ஆர்ப்பரித்தது. மங்கோய் வழக்கப்படி மீதிக் கதவுகளையும் முடித்தார். ஒவ்வொரு இடத்திலும் மீனில் ஒரு துணுக்கு, நெடுநேரம் மெல்லல். துவாக் கிண்ணம் வந்தபோது மட்டும் விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். அதற்குத் தலைவர் அனுமதி கொடுத்திருந்தார். இருபத்திரண்டாம் கதவை அவர் நிதானத்தோடு எட்டிய முதல் கவாய் அது. அங்கே குடியிருப்பது யார் என்பதே அன்றுதான் அவருக்கு நினைவில் நின்றது. மாலையில் தன் பாயில் போய் உட்கார்ந்தார். ஜெலியன் ஓரத்தில் இருந்து முட்டை ஓட்டைப் பொறுக்கினான்.

மறு வருஷம் ரூமா கலோம் அவர்களைப் பதிலுக்கு அழைத்தது. படகுப் பயணத்தில் மங்கோய் களைத்திருந்தார். முதல் கதவில் சங்கின் மனைவி தட்டை நீட்டினாள்: ஒரு முட்டை, ஒரு துண்டு மீன். சோறு தூரத்தில் மூடிவைத்திருந்தது. பழைய நினைப்பில் மங்கோய் விரலால் முட்டையைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டு எழப் பார்த்தார்.

சங்கின் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“தொட்டா செல்லாது மச்சான். உள்ள போகணும். எங்க வீட்டுல ஏழு தலைமுறையா இதான் வழக்கம். மீறினா ரெண்டு கோழி.”

உந்திங் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு வெற்றிலையைப் போட்டு மூடிக்கொண்டார்.

மங்கோய் முட்டையை எடுத்துச் சிறு துண்டாகக் கடித்து மெல்லத் தொடங்கினார். லுன்சா பையிலிருந்து சுண்ணாம்பு மாத்திரையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சங்கின் அதைக் குனிந்து பார்த்தார்.

“இது என்ன?”

“இது எங்க வழக்கம்,” என்றாள் லுன்சா. “உங்களுக்கு இன்னும் வந்து சேரல.”