பொருளாளர் மடுத்தீன்

மன்னார் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பதினாறு வருடம் அரசாங்கக் காசைப் பொறுப்பாகப் பார்த்த மடுத்தீன், 1984இல் பாரிசுக்கு வந்து ரூ காய் என்ற தெருவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். லா சப்பல் பகுதித் தமிழர்கள் மரண உதவிச் சங்கம் தொடங்கியபோது பொருளாளராக வேறு பெயர் எவருக்கும் தோன்றவில்லை. மாதம் முப்பது பிராங் கட்டினால் அடக்கச் செலவு சங்கத்தினுடையது. மூன்று மாதம் தவறினால் ஒன்றும் கிடையாது. அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

1986இல் நீக்கிலாஸ் என்பவர் நான்கு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, புதிய வேலைக்குப் போன மூன்றாம் நாளே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். அவர் மனைவி அற்புதராணி கடன் வாங்கிக்கொண்டு மடுத்தீனின் அறைக்கு வந்தாள்.

“அண்ணை, பிந்தின நாலு மாதக் காசும் இருக்கு. எடுங்கோ.”

“செத்த பிறகு கட்டினாப் பதிய ஏலாது, தங்கச்சி.”

“அவருக்கு வேலை இல்லையெண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“ஓம், தெரியும். உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பினம்.”

தன் சட்டைப்பையிலிருந்து இருநூறு பிராங் நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீக்கிலாசை ஏழைகளுக்கான வரிசையில் நகரசபை புதைத்தது. அந்த வருடக் கூட்டத்தில் மடுத்தீனின் நேர்மையைத் தலைவர் சூசைநாதன் புகழ, எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் சூசைநாதனின் மச்சான் இறந்தார். ஐந்து மாதம் கட்டாதவர்.

“செக்கிலை கையெழுத்துப் போடும், மடுத்தீன். இது என்ரை வீட்டு விசயம்.”

“ஏலாது. நீக்கிலாசுக்கும் குடுக்கேல்லை.”

ஒரு கிழமைக்குள் பொருளாளர் சங்கக் காசைத் தின்கிறார் என்று கடைக்குக் கடை பேச்சு. ஓய்வுபெற்ற புதுச்சேரிக் கணக்கர் மார்செல் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கேடுகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். ஒரு சந்தீமும் குறையவில்லை. கூட்டத்தில் அந்த அறிக்கையைச் சூசைநாதன் வாசிக்கவிடவில்லை. அற்புதராணியை எழும்பச் சொன்னார்.

“உங்களிட்டை இவர் காசு கேட்டவரோ?”

அவள் மடுத்தீனை நேராகப் பார்த்தாள்.

“ஓம். ஆயிரம் பிராங் தந்தாப் பதிவைத் திருத்திறன் எண்டவர்.”

“தங்கச்சி, அப்பிடிச் சொல்லாதேங்கோ!”

அவள் உட்கார்ந்துவிட்டாள். மார்செல் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கைகள் உயர்ந்தன, மடுத்தீன் நீக்கப்பட்டார். சங்க உறுப்பினரான உணவக முதலாளி மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

மடுத்தீன் புறநகரான லெ பிளாங்-மெனிலுக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். பேச்சு மன்னார்வரை போயிருந்தது. ஊரிலிருந்து மனைவி மேரிறோசின் கடிதம் வந்தது. எடுத்தீர்களா என்று அவள் கேட்கவே இல்லை.

“உவ்வளவு காசு எடுத்தும் எங்களுக்கு ஏன் ஒரு சதமும் கூடுதலா அனுப்பேல்லை? அங்கை ஆரையும் வைச்சிருக்கிறியளோ?” என்று எழுதியிருந்தாள்.

மாதம் பிறந்ததும் மடுத்தீன் வழக்கம்போல அவளுக்கு அறுநூறு பிராங் அனுப்பினார்.